ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நிறைய ஊர் பார்த்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷருக்கு வீட்டுக்காரியை ஏற்றிப்போக மட்டும் நேரம் இருக்காது. பரமக்குடியிலேயே காலம் தள்ளிய நான், என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகும்வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. (நான் எப்போது ரிட்டயர் ஆனேன் என்று கேட்காதீர்கள். அடுப்படியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.)

அந்தக் குறையைத் தீர்க்க அவர் ஒரு காரியம் செய்தார். தான் ஓட்டி ஓட்டி உயிரை எடுத்த பழைய பஸ்ஸை முதலாளி கழித்துப்போட்டபோது, அதையே வாங்கி வந்துவிட்டார். சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஜன்னலுக்கு என் பழைய சேலை.

"ஒரு வாரம். தொண்டி வரைக்கும் போயி, கரையோரமாவே கீழ இறங்குறோம். மண்டபத்துல வண்டிய நிப்பாட்டிட்டு ராமேஸ்வரத்துக்கு ரயிலு. சத்திரம் சாவடி ஒண்ணும் தேடவேணாம், வீட்டோட போறோம்டி!" என்றார்.

வீட்டோடுதான் போனோம். சித்திரை மாதம். பனை, கருவேல மரம், உப்பு பூத்த பொட்டல், மறுபடி பனை. வழியில் யார் கை காட்டினாலும் அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிடும். ஒரு பெரியவர் ஏறி, எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, என் தலையணையில் சாய்ந்து, ஊர் வந்ததும் இறங்கி, "சீட்டெல்லாம் நல்லா மாத்திட்டீகளே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் திருப்பாலைக்குடிக்குத் தெற்கே வண்டி கொதித்து நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம் தெரிந்தது. கேனில் இருந்த தண்ணீர் குடிக்கவே பத்தவில்லை. விடிந்ததும் வாளியோடு மணல்மேட்டுப் பக்கம் போனவர், அங்கிருந்தே கத்தினார்.

"இந்தா புள்ள, ஓடியா! இங்கன ஊத்துத் தண்ணி கெடக்கு. ஓலை போட்டு மூடியெல்லாம் வச்சிருக்கான்!"

மணலில் தோண்டிய குழி. அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர். வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அள்ள அள்ள ஊறும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஊற்று. எந்த ஊர்த் தண்ணீரைக் கண்டாலும் முதலில் ரேடியேட்டருக்கு ஊற்றுவது அவர் கைப்பழக்கம். வாளி வாளியாக ஊற்றினார், உபரிக்கு ஒரு பழைய டீசல் டின்னையும் நிரப்பிக்கொண்டார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? ராத்திரிப் பாத்திரங்களை விளக்கினேன், முகம் கழுவினேன். கடைசியாகச் சுரண்டி எடுத்த ஒரு சொம்பில் ராணி மாதிரி காலைக் கழுவிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். முக்காட்டுக்குள் அழுது சிவந்த கண். குழியைப் பார்த்தாள், ஈரமாயிருந்த என் காலைப் பார்த்தாள்.

"தண்ணிய எடுத்துட்டீகளாம்மா?"

"கொஞ்சம் இரு தாயி, இப்ப ஊறிரும்" என்றேன்.

"இது ஆத்து ஊத்து இல்லம்மா. ராத்திரி பூரா ஊறினாத்தான் அஞ்சு குடம் சேரும்" என்றவள், குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். "எங்க வாப்பா விடியமுன்ன மௌத்தாயிட்டாக. குளிப்பாட்டி அடக்கணும்."

எனக்குக் கால் முதல் தலைவரை கூசியது. என் வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு வாயைத் திறந்தார், திறக்காமலே இருந்திருக்கலாம்.

"வேணும்னா... ரேடியேட்டர்ல இருந்து இறக்கித் தந்துரட்டுமா?"

அவள் கோபப்படவில்லை. "அது துருவும் எண்ணெயுமா இருக்குமேங்கய்யா" என்றாள். அவள் ஒரு பாட்டம் வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளே நாலு மைல் தள்ளி. வெயில் ஏறுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். நடந்து போய்த் தூக்கி வந்தால் ஆகாது. "ஏறுங்கத்தா எல்லாரும்!" என்றார் அவர். நாலைந்து பெண்கள் குடங்களோடு எங்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள். சக்கரம் மணலில் புதைந்திருந்தது. இழவு வீட்டில் நின்ற ஆண்களே வந்து தள்ளினார்கள். தகப்பனைப் பறிகொடுத்த மகனும் தோள் கொடுத்துத் தள்ளினான். அதை நான் எந்த ஜன்மத்தில் மறப்பேன்?

போகும்போது ஒழுங்காகப் போனார். தண்ணீரோடு திரும்பும்போது, ஒரு பனைமரத்தடியில் எவனோ கை காட்டினான். வண்டி நின்றது! முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். (கல்யாணமாகி அதுவே முதல் அடி.) "அங்கன மய்யித்துக் காத்துக்கெடக்கு, நீரு டிக்கெட்டு ஏத்துறீரா?" என்றேன். பின்னால் குடங்களைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகையாகிவிட்டது.

அடக்கம் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒளியாத குறையாக நின்ற எங்களிடம் அந்தப் பெண்ணே வந்து ஒரு சொம்பை நீட்டினாள். "வெயிலுக்குக் குடிங்கம்மா." வாங்கினேன், குடிக்கவில்லை. அவர் அதை அப்படியே சொம்போடு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினார். ராமேஸ்வரத்தை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை.

கதை தெரிந்த நாளிலிருந்து என் மகள் எங்களை விட்டுவைக்கவில்லை. வீட்டில் யார் தண்ணீர் மொண்டாலும் "இது யாருக்குன்னு கேட்டியா?" என்பாள். அவரும் ஒவ்வொரு தடவையும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அடைமழை. முற்றத்தில் அவரைக் குளிப்பாட்ட முதல் குடத்தைத் தூக்கினார்கள். அழுதுகொண்டிருந்த மகள் என் காதருகே குனிந்து, "அம்மா, இது யாருக்குன்னு கேட்டியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது, அவளுக்கும்தான். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள், புருஷன் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது சிரித்தவள் என்று இன்னமும் என்னைச் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் எதையும் விளக்கவில்லை. "இது அப்பாவுக்குத்தான்" என்று மகளிடம் சொன்னேன், ஊற்றினார்கள்.