எழுபத்திரண்டு சீட், நானூறு உருண்டை

"மேடம், நாளையிலிருந்து சாம்பார் சாதத்துல முருங்கைக்காய் வேணாம்" என்றார் போனில் குணசேகரன்.

தேவசுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் சார், நல்லால்லன்னு சொன்னாங்களா?"

"நல்லாத்தான் இருக்குதாம். ஆனா சாப்பிட்டப்புறமும் சக்கை அப்படியே நிக்குது பாருங்க. மேல போகும்போதும் வெயிட்டு, கீழ வரும்போதும் வெயிட்டு. பெட்ரோல் யாரு போடறது?"

குணசேகரன், வானம்பாடி ஏர்லைன்ஸ் என்ற சின்ன விமானக் கம்பெனியில் செலவுக் குறைப்பு அதிகாரி. கம்பெனிக்கு இருந்தது ஒரே விமானம். எழுபத்திரண்டு சீட். தினமும் மதியம் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும். மூன்று மாதத்துக்கு முன்னால் குழந்தைக்கு மொட்டை போடத் திருத்தணி வந்தவர், மலையிலிருந்து இறங்கி, ஸ்டேஷன் பக்கத்திலிருந்த தேவசுந்தரியின் மெஸ்ஸில் சாப்பிட்டார். மூன்று தடவை சாம்பார் வாங்கினார். மறு வாரமே, சென்னையில் சமைத்துக்கொடுத்த பெரிய கம்பெனியை நிறுத்திவிட்டு ஆர்டரை இவளுக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் செலவுக் குறைப்புதான்.

தேவசுந்தரி ஒரு காலேஜ் ஹாஸ்டல் ஆர்டரை விட்டுவிட்டு இதைப் பிடித்திருந்தாள். பள்ளிப்பட்டிலிருந்து நான்கு பெண்கள் முதல் பஸ்ஸில் வேலைக்கு வந்தார்கள். அதில் மூத்தவள் சின்னம்மாள், இந்த வேலையை நம்பித் தறியை விற்றுவிட்டவள். ஆர்டர் போனால் அவளிடம் என்ன சொல்வது என்ற பயத்தில், குணசேகரன் கேட்டதற்கெல்லாம் தேவசுந்தரி சரி என்றாள்.

முருங்கைக்காய்க்குப் பதில் பூசணிக்காய் போட்டாள். அது தண்ணீர் விட்டுக்கொண்டது. மதுரைக்கு மேலே விமானம் ஒரு குலுங்கு குலுங்க, பதினோராவது வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. அவர் நேராக நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர்.

"கெட்டியாப் பண்ணுங்க மேடம்" என்று போன் வந்தது.

கெட்டியாகச் செய்தாள். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பூன்கள் சாதத்தில் குத்தியதும் ஒடிந்தன. குணசேகரன் யோசித்துப் பார்த்து, ஸ்பூனையே எடுத்துவிட்டார். எழுபத்திரண்டு ஸ்பூன் எடை மிச்சம்.

கையால் சாப்பிட்டவர்கள் கை கழுவ எழுந்தார்கள். வால் பக்கம் இருந்த ஒரே குழாய் முன்னால் வரிசை நின்றது. பின்பக்கம் பாரம் கூடுகிறது, எல்லாரையும் உட்கார வை என்று பைலட் கத்தினாராம். தண்ணீரும் தீர்ந்துபோனது.

"தண்ணி ரொம்ப வெயிட்டு மேடம். கூட ஏத்த முடியாது. கையில ஒட்டாத சாம்பார் சாதம் இருக்குதா?"

"ஒட்டாத சாம்பார் சாதமா சார்?"

அதற்குள் போன் கட்டாகிவிட்டது. ஒரு போன் ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கம்பெனியின் புது உத்தரவு. குணசேகரன் தன் சொந்த உத்தரவை மதிப்பவர்.

அன்று பூராவும் தேவசுந்தரி அடுப்பை விட்டு நகரவில்லை. நெய் கூட்டிப் பார்த்தாள், வழுக்கியது. அவலில் செய்து பார்த்தாள். அவள் கணவன் இஸ்ரேல் ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். கடைசியில் சாதத்தைக் குழைத்து, உருண்டை பிடித்து, வறுத்த உளுந்து எள்ளுப் பொடியில் புரட்டி எடுத்தாள். கையில் ஒட்டவில்லை. மந்தாரை இலையில் கட்டினாள். எடை சரியாக நூற்றைம்பது கிராம்.

இஸ்ரேல் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நான்காவது உருண்டையை எடுத்தான்.

உருண்டை போய் ஒரு வாரம் எந்தப் புகாரும் வரவில்லை. அதன்பின் குணசேகரனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'நாளை முதல் 120.'

தேவசுந்தரி போன் செய்தாள். "சார், சீட்டு எழுபத்திரண்டுதானே?"

"தேவை கூடியிருக்குது மேடம். அனுப்புங்க" என்றார். கட்.

நான்கு நாள் கழித்து இருநூற்றைம்பது. அடுத்த திங்கள் நானூறு. பள்ளிப்பட்டிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள். சின்னம்மாள் உருண்டை பிடித்துக்கொண்டே பாட ஆரம்பித்திருந்தாள். தேவசுந்தரிக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

"எழுபத்திரண்டு சீட்டுல நானூறு பேர எப்படிங்க ஏத்துவாங்க?" என்று இஸ்ரேலிடம் கேட்டாள்.

"சீட்டைக் கழட்டியிருப்பானுங்க. சீட்டும் வெயிட்டுதானே" என்றான் அவன். "ஆடிக் கிருத்திகை பஸ் மாதிரி நிக்க வெச்சிக் கூட்டிகினு போறானுங்க."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவளுக்கோ அது கண்ணில் வந்து நின்றது. நானூறு பேர் மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கையில் அவளுடைய உருண்டையோடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்பு கேட்டபோது, "ஆகாய மார்க்கமாப் போறவங்களுக்காக" என்று எழுதிக்கொடுத்தாள். சபையார் அவள் வீட்டில் யாரோ துபாய் போவதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஜெபத்தோடு நிறுத்தாமல் தன்னால் ஆனதையும் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் உருண்டையைச் சின்னதாக்கினாள். நூறு கிராம். நானூறு உருண்டைக்கு இருபது கிலோ பாரம் குறையும்.

மறுநாளே போன். "உருண்டை ஏன் சின்னதாயிடிச்சி? கஸ்டமருங்க சண்டைக்கு வராங்க மேடம். இருநூறு கிராமாப் பிடிங்க."

"சார், வெயிட்டு..."

"வெயிட்டெல்லாம் பாக்காதீங்க. ஆங், இன்னொண்ணு. ஆளுக்கு ஒரு பாட்டில் மோரும் வேணும்." கட்.

தேவசுந்தரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு முருங்கைச் சக்கைக்குக் கணக்குப் பார்த்த மனிதர் நானூறு பாட்டில் மோர் கேட்கிறார் என்றால், ஒன்று அவருக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும், அல்லது விமானம் போனால் போகட்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஆர்டரை நினைத்தாள். உள்ளே பாடிக்கொண்டிருந்த சின்னம்மாளை நினைத்தாள். ஆர்டர் போனாலும் பரவாயில்லை, அத்தனை உயிரை இந்தக் கையால் பலி கொடுக்க முடியாது என்று எழுந்தாள்.

காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் கஜபதி எப்போதும் அவசரக்காரர். இறங்காமல் ஹாரன்தான் அடிப்பார். அன்று தேவசுந்தரி வேன் முன்னால் வந்து நின்றுகொண்டாள். பின்னால் ஏழு பெண்களும் கூடையைத் தூக்காமல் நின்றார்கள்.

"அக்கா, நேரமாவுது. ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன். அந்த குணசேகரன் சார் ஒரு வார்த்த ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறாரு. நீ சொல்லு தம்பி. எழுபத்திரண்டு சீட்டு ப்ளேன்ல நானூறு பேர எப்படி ஏத்தறாங்க? மோர வேற ஏத்தினா அது எப்படி மேல எழும்பும்?"

கஜபதி என்ஜினை அணைத்தார். முதல் தடவையாக வேனிலிருந்து இறங்கி, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்த ப்ளேனுக்கா? செலவு ஜாஸ்தின்னு உருண்டை வந்த மறு வாரமே ப்ளேனையே நிறுத்திட்டாங்க, இப்ப ஏர் ஹோஸ்டஸ் பொண்ணுங்க, பைலட்டு, குணசேகரன் சார் எல்லாம் கிண்டியில கடை போட்டு உங்க உருண்டையத்தான் வித்துகினு இருக்காங்க."