மாமா போனில் எரியாத குத்துவிளக்கு

இணையப் பக்கம் செய்யத் தெரிந்த பிள்ளையைக் கல்யாண வேலைக்குக் கிட்டவே சேர்க்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பிள்ளை நான்தான்.

அக்காவுக்குக் கல்யாணம் கூடியபோது நான் ஹட்டனில் ஒரு சின்னக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரவுசருக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் பட்டன்களைச் சொந்தமாகச் செய்யப் பழகியிருந்தேன். (அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கித்தான் கல்யாணத்துக்கு அழைப்பார்கள். "இந்த மழையில எதுக்குப்பா அலையுறீங்க? போனுக்கு அனுப்பிடலாம்" என்று அப்பாவை மடக்கிவிட்டேன்.

அழைப்பில் இரண்டே பட்டன்கள். 'வருகிறோம்' என்பதைக் குத்துவிளக்காக வரைந்தேன். தொட்டால் சுடர் ஆடும். 'வர இயலாது' என்பதற்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. (அதை யார் அமுக்கப் போகிறார்கள்?) எனக்குத் தெரிந்த பிரவுசர்களில் எல்லாம் விளக்கு ஜோராக எரிந்தது. பழைய பிரவுசர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் அழைப்பு தாய்மாமாவுக்குப் போக வேண்டும் அல்லவா? முறை தவறாமல் முதல் லிங்க்கை டயகமவில் இருந்த மாமாவுக்கே அனுப்பினேன்.

கல்யாண வாரம் வந்தது. மாமா போனை எடுக்கவேயில்லை. அத்தைதான் எடுத்து, "அவரு வரலயாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"எங்கண்ணன் இல்லாம எம்மகள மணவறைக்கு யாருடா கூட்டிட்டுப் போவா?"

உடனே அம்மாவும் நானும் டயகம பஸ் ஏறினோம். மாமா தன் லயத்துக் காம்பரா வீட்டு வாசலிலேயே நின்றார்.

"வர வேணாம்னா நேராவே சொல்லியிருக்கலாமே மாப்ள."

"ஐயோ, யாரு மாமா அப்புடிச் சொன்னா?"

போனை நீட்டினார். முகூர்த்த நேரத்துக்குக் கீழே தன்னந்தனியாக ஒரு சாம்பல் பெட்டி: 'வர இயலாது'. குத்துவிளக்கைக் காணவே காணோம்.

"மாமா, உங்க பிரவுசர் பழசு. அதுக்கு வெளக்கு வரையத் தெரியாது."

"ஆமாப்பா. நானும் பழசுதான்."

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டுக்கு ஓடினேன். அம்மா குடை பிடித்தபடி திட்ட, நான் கேட்டபடி திருத்தினேன்: விளக்கு வரையத் தெரியாத பிரவுசரில் 'வருகிறோம்' என்று வெறும் எழுத்தாவது வரட்டும். மூச்சு வாங்கத் திரும்பி வந்து காட்டினேன்.

"இப்ப பாருங்க மாமா, வந்திருச்சு!"

மாமா பார்த்தார். அமுக்கவில்லை.

"அது இருக்கட்டும். வெத்தல எங்க?"

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். குடை இருந்தது, லெப்டொப் இருந்தது, சார்ஜர்கூட இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைக்கு ஓடி வெற்றிலை பாக்கு வாங்கி வந்தேன். தாம்பாளத்துக்கு எங்கே போவது? மூடிய லெப்டொப்பின் மேலேயே வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

மாமா ஒரு நிமிடம் முறைத்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "அடப்பாவி! இதத்தான் படிச்சியா?"

மாமா வந்தார், அக்காவைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போனார். மாமா பிறகு எனக்கே தந்துவிட்ட அந்தப் பழைய போன் இப்போது என் மேசையில் இருக்கிறது. நான் எந்தப் பட்டன் செய்தாலும் முதலில் அதில்தான் திறந்து பார்க்கிறேன்.

போன மாதம் எனக்குப் பெண் பேசி முடித்தார்கள். மாமாவை அழைக்கக் கிளம்பும்போது அம்மா தாம்பாளத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்:

"எதுக்கும்மா தேடுற? அதான் தம்பிகிட்ட லெப்டொப் இருக்குல்ல!"