தொட்டிலுக்கு முன்னால் ஒரு மேசை

மனிதர்களில் ஆயத்தக்காரர் என்று ஒரு வகை உண்டு. அவர்களைச் சோம்பேறிகளோடு சேர்த்துவிடாதீர்கள். சோம்பேறி சும்மா உட்கார்ந்திருப்பான். ஆயத்தக்காரர் விடிந்ததிலிருந்து வியர்வை சிந்துவார். சாயங்காலம் பார்த்தால் இருவரும் காலையில் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

அமெரிக்காவில், பனி கொட்டும் மினசோட்டாவில் எங்கள் தெருக்காரர் ஆர்லன் ட்வெட்டன் இந்த வகையில் உயர்ந்த ரகம். பால்பண்ணை அலுவலகத்திலிருந்து அவர் ஓய்வுபெற்ற சமயத்தில்தான் மகள் கிர்ஸ்டன் உண்டாகியிருந்தாள். "தொட்டிலைக் கடையில வாங்கக் கூடாது. என் கையால நானே செஞ்சு தர்றேன்" என்று வீட்டில் நடந்த விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மகளுக்குக் கண் கலங்கியது. மனைவி லவோன் மட்டும் மசித்த உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, "எங்கே வச்சு செய்வே?" என்றாள்.

கேட்டிருக்கக் கூடாது.

மறுநாளே கராஜிலிருந்து கார்கள் வெளியேற்றப்பட்டன. தொட்டில் செய்ய ஒரு மேசை வேண்டும். மேசை செய்ய மின்சார ரம்பம் வேண்டும். ரம்பம் ஓடினால் தூள் பறக்கும், தூளை உறிஞ்ச ஒரு இயந்திரம் வேண்டும். அதற்குக் கராஜின் மின்சாரம் போதாது, கம்பி இழுக்க ஆள் வேண்டும். ஆள் வந்து சுவரைத் திறந்தால் உள்ளே குளிர் தடுக்கும் பஞ்சே இல்லை. பஞ்சில்லாத கராஜில் பசை காயாது. பசை காயாவிட்டால் தொட்டில் எப்படி நிற்கும்? நீங்களே சொல்லுங்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையாவது குறை சொல்ல முடியுமா? ஆயத்தக்காரரின் பலமே அதுதான். அவர் சொல்வது ஒவ்வொன்றும் நியாயமாக இருக்கும்.

பனிக்காலம் வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த லவோன் தினமும் காலையில் தெருவில் நின்று, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினாள். கராஜுக்குள் கணப்பு இதமாக எரிந்துகொண்டிருந்தது.

"காரை உள்ளே விட்டா என்னவாம்?"

"காருக்குக் குளிராது லவோன். பசைக்குக் குளிரும்."

பக்கத்து வீட்டு வெர்ன் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "என்னப்பா ஆர்லன், தொட்டில் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"ஒட்டின பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மாட்டச் சுவத்துல சட்டம் அடிச்சிட்டேன்."

"நான் தொட்டிலைக் கேட்டேன்."

"அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

குழந்தை ஆயத்தமெல்லாம் பார்ப்பதில்லை. குறித்த நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது. பிறந்த கையோடு கிர்ஸ்டனின் வீட்டில் கணப்பு பழுதாகிவிட, ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் சேயும் நேரே இங்கே வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பனிப்புயலும் வந்து சாலைகளை மூடியது. கடைக்குப் போக வழியில்லை. தாத்தா செய்கிறார் என்று நம்பி அவர்கள் தொட்டில் வாங்கியிருக்கவும் இல்லை.

லவோன் கராஜுக்குப் போனாள். அங்கே ஓர் அலமாரியிலிருந்து பெரிய இழுப்பறை ஒன்றை உருவி, உள்ளே இருந்த உளிகளையெல்லாம் மேசைமேல் கொட்டினாள். ஆணியே இல்லாமல், மூலைக்கு மூலை பல்லோடு பல் கோத்த இழுப்பறை.

"ஏய், அது உளிக்குன்னு நான் செஞ்சது."

"உளி நின்னுக்கிட்டே தூங்கட்டும்."

கம்பளி விரித்துக் குழந்தையைப் போட்டதும் அது தூங்கிவிட்டது. கிர்ஸ்டன் அந்த மூலைப் பொருத்துகளைத் தடவிப் பார்த்தாள். "அப்பா, இவ்வளவு நல்லா செய்யத் தெரிஞ்சும்..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியை அவள் சொல்லியிருந்தால் ஆர்லன் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பார். சொல்லாததால் அவருக்கு அது நன்றாகவே கேட்டது. இழுப்பறையில் எங்காவது பிசகினால் உளி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தொட்டில் அப்படியல்ல. அதை ஊரே பார்க்கும், மகள் பார்ப்பாள். செய்யாதவரை அந்தத் தொட்டிலில் ஒரு கோணலும் கிடையாது.

மறுநாள் காலையில் அவர் பலகையை எடுத்து அறுத்தார். ரம்பத்தின் சத்தம் சீக்கிரமே நின்றுபோனது. லவோன் போய்ப் பார்த்தபோது பலகையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கோணிடுச்சு. இழைக்கிற மெஷின் ஒண்ணு இருந்தா..."

"உன் பேத்தியும்தான் கழுத்தைக் கோணிக்கிட்டுத் தூங்கறா. யாரும் திருப்பி அனுப்பலையே. ஒட்டு."

ஒட்டினார். வார இறுதிக்குள் தொட்டில் வந்துவிட்டது. வலப்பக்கம் ஒழுங்காக ஆடும். இடப்பக்கம் போகும்போது கொஞ்சம் யோசித்துவிட்டு ஆடும். கிர்ஸ்டன் அதை ஆட்ட, ஆர்லன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார். தொட்டிலைச் செய்து முடித்துவிட்டது ஆயத்தக்காரர் குலத்துக்கே தலைகுனிவுதான். ஆனாலும் அவரை ஒரேயடியாகத் தள்ளிவைத்துவிட முடியாது. கார்கள் இன்னும் தெருவில்தான் நிற்கின்றன. தொட்டிலுக்கு மெருகெண்ணெய் பூசத் தூசி படாத தனி மூலை ஒன்று வேண்டுமாம். அதற்குத் தடுப்பு அடித்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு இப்போது உங்கள் மைத்துனரோ மேலதிகாரியோ நினைவுக்கு வந்திருப்பார். சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு, வெகுநாளாகத் தள்ளிக்கொண்டே வரும் அந்த ஒரு காரியத்தை இன்றைக்கே தொடங்கிவிடுவது என்று எழுந்திருப்பீர்கள். நல்லதுதான். வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிடலாமே என்று தோன்றும். தோன்றுகிறதல்லவா?