கதவைப் பிடித்துக்கொண்டு வந்த பணிப்பாளர்

கரும்பலகையில் மின்சுற்று வரையத் தெரிந்தவர்கள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது. வேறு யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பல வருடங்களாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மின்கலம், ஆளி, மின்குமிழ், மூன்றையும் இணைக்கும் நேர்கோடுகள் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் வரைவேன். ஒரு காரின் கதவுக்குள் எதுவுமே நேர்கோட்டில் ஓடுவதில்லை என்பதை மட்டும் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எங்களுடையது பழைய சிவப்புக் கார். அதன் இடது முன்கதவில் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு நாள் கரகரத்தது, மறுநாள் ஊமையானது, அதற்கடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போலப் பாடியது. பண்டாரவளை டவுனில் கார் ரேடியோ திருத்தும் கடைக்கார நானாவிடம் காட்டினேன். இரண்டு நாளைக்குக் காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ("கழட்டிப் பாக்கோணும் மிஸ், அவசரப்பட்டா சரிவராது.") எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஸ்பீக்கர், ஒரு ரேடியோ செட், நடுவில் இரண்டு வயர். தரம் ஆறு பிள்ளை செய்கிற வேலைக்கு இரண்டு நாளா?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலையில் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினராகக் கல்விப் பணிப்பாளர் வருகிறார். மாலை போட்டுக்கொண்டு போக மட்டும் அவர் வரவில்லை. எங்களுக்கு ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம் தரலாமா வேண்டாமா என்று பார்த்து அறிக்கை எழுதவும்தான் வருகிறார். அவருடைய அலுவலக வாகனம் கராஜில் கிடந்ததால், பதுளையிலிருந்து பஸ்ஸில் பண்டாரவளைக்கு வந்துவிடுவார், அங்கிருந்து நான் கூட்டி வர வேண்டும் என்று எங்கள் பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார். விஞ்ஞான டீச்சரின் காரில், விருந்தினர் உட்காரப்போகும் இடத்திலேயே ஒரு ஸ்பீக்கர் செத்துக் கிடப்பதா? வியாழக்கிழமை பௌர்ணமி, போயா லீவு. அன்றைக்கே திருத்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

என் கணவர் ரவி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரேடியோவ போடாம போயேன். அவ்வளவுதான விஷயம்."

இவ்வளவு சுலபமான யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குத் தோசைக் கரண்டியால் கதவின் உள்பலகையை நெம்பினேன். (இரண்டு கிளிப் உடைந்தது. அந்தத் தோசைக் கரண்டியும் அதற்குப் பிறகு தோசைக்கு உதவவில்லை.) உள்கைப்பிடியின் கேபிளைக் கழற்றினேன். கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சின் பிளக்கைக் கழற்றினேன். பாடசாலையிலிருந்து கொண்டு வந்த மீட்டரை ஸ்பீக்கரில் வைத்தேன். நான்கு ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது, நல்லது. சுவர்க் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றி ஸ்பீக்கர் வயரில் தொட்டேன், 'ப்ளக்' என்றது. ஸ்பீக்கருக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்து செட்டை வெளியே இழுத்து, இடது பக்கத்துக்குப் போகும் வயரை வலது ஸ்பீக்கரில் கொடுத்தேன். கணீரென்று பாடியது. செட்டுக்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் நடுவில் ஓடும் வயரில்தான் கோளாறு. ஒரு முனை செட்டில், மறுமுனை கதவில், இரண்டிலும் மீட்டரைப் பிடித்தேன். 'பீப்' என்றது. வயரும் நன்றாக இருந்தது.

எல்லா இணைப்பையும் மறுபடி கொடுத்தேன். ஸ்பீக்கர் பாடியது. நான் முற்றத்தில் ஒரு சுற்று ஆடினேன் என்று என் மகள் இன்றும் சொல்கிறாள், நான் மறுக்கவில்லை. பிறகு கதவைச் சாத்தினேன். ஊமையாகிவிட்டது.

திறந்தேன், பாடியது. மீட்டரை வைத்தேன், பீப். சாத்தினேன், ஊமை. கதவு அடிபடும் அதிர்வில் ஏதோ இணைப்பு தளர்கிறது என்று தீர்மானித்து, கண்ணில் பட்ட இணைப்பை எல்லாம் இறுக்கினேன். அப்படியும் சரிவராததால், குழப்பம் வேண்டாம் என்று மற்ற மூன்று ஸ்பீக்கர்களின் வயரையும் பிடுங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டை ரவி காருக்கே கொண்டு வந்து தந்துவிட்டுப் போனார். மூன்று மணி அளவில் செட்டை உள்ளே தள்ளும்போது, சத்தத்தைக் கூட்டவும் செட்டை அணைக்கவும் இருந்த ஒரே குமிழ் தண்டோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. (சத்தம் முழுசாகக் கூட்டியிருந்த நேரம் பார்த்து.)

அப்போது மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகப் பலகையை அடித்துப் பொருத்தினேன். கைப்பிடிக் கேபிளை நன்றாக இழுத்து மாட்டினேன். கண்ணாடி சுவிட்சின் பிளக் கைக்கு எட்டாத எங்கோ உள்ளே போய்விட்டது. கண்ணாடி பாதி இறங்கியபடியே நின்றுவிட்டது. ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சாவியைத் திருப்பினால் செட் உயிர் பெறுகிறது, அணைக்க வழியில்லை. ஆனால் ஸ்பீக்கர் ஊமை என்பதால் சத்தமில்லை. இதுவும் நல்லதுக்குத்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். முதல் வளைவிலேயே இடது கதவு தானாகத் திறந்துகொண்டது, ஸ்பீக்கரும் கூடவே அலறியது. கேபிளை நான் இழுத்து மாட்டிய அழகில், பூட்டு எந்த நேரமும் பாதி திறந்த நிலையிலேயே நின்றது. விழாவில் பணிப்பாளர் திறக்கவிருந்த கண்காட்சி அறைக்குக் கட்ட வாங்கி வைத்திருந்த சிவப்பு ரிப்பன் காரில் கிடந்தது. அதை எடுத்துக் கதவையும் இருக்கையையும் சேர்த்துக் கட்டினேன்.

பணிப்பாளர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டையுடன் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும், பதுளைக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. பின்சீட்டில் கூரை வரைக்கும் பரிசுப் பொதிகள், எனவே அவர் முன்னால்தான் உட்கார வேண்டும். காரை அணைத்து, முடிச்சை அவிழ்த்து அவரை ஏற்றி, மறுபடி அவருக்குக் குறுக்காக ரிப்பனைக் கட்டினேன். அவரும் ஒரு பரிசுப் பொதி போலவே இருந்தார். கதவில் சின்னக் கோளாறு என்றும், விருப்பமென்றால் ஆட்டோ பிடிக்கலாம் என்றும் சொன்னேன். பிள்ளைகள் காத்து நிற்பார்கள், போகலாம் என்றார். நல்ல மனிதர். அவருக்கு என்னைத் தெரியாது.

பூனாகலை ரோட்டில் ஏறி, கீழே பள்ளத்தாக்கு தெரிகிற முதல் பெரிய வளைவில் ரிப்பன் நழுவியது. கதவு வெளியே போனது. பணிப்பாளர் பாய்ந்து அதைப் பிடித்தார். அந்த நேரம் ஸ்பீக்கர் உயிர் பெற்று, முழுச் சத்தத்தில் வானொலியின் மரண அறிவித்தலை வாசித்தது. "...நேற்றுக் காலமானார்." கதவை அவர் உள்ளே இழுத்தார். மௌனம்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ரேடியோவை நிப்பாட்டேலாதோ டீச்சர்?"

"குமிழ் முறிஞ்சிருச்சி சேர்."

"சத்தத்தையாவது குறைக்கலாமே?"

"அதுவும் அதே குமிழ்தான் சேர்."

அவர் இடது கையைப் பாதிக் கண்ணாடிக்கு மேலாக வெளியே விட்டுக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் கதவு ஒரு சாண் வெளியே போகும், அன்னாரின் மக்களும் மருமக்களும் பாதி வரைக்கும் வருவார்கள். கதவு உள்ளே வரும், பேரப்பிள்ளைகள் வராமலே நின்றுவிடுவார்கள். மூடுபனி ஜன்னல் வழியாக வந்து அவர் சட்டையை நனைத்தது. ஆய்வுகூடம் எங்கள் பாடசாலையை விட்டு விலகிப் போவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வளைவோ ஏழாவது வளைவோ, அவர் கதவை வேண்டுமென்றே கொஞ்சம் வெளியே விட்டார். பாடியது. இழுத்தார், நின்றது. மறுபடி செய்து பார்த்தார். பிறகு நேற்று நான் என்னென்ன சோதித்தேன் என்று விசாரித்தார். ஓம் கணக்கிலிருந்து கடிகாரப் பற்றரி வரைக்கும் ஒப்பித்தேன். அவர் கதவை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாத்தையும் கதவைத் திறந்து வச்சுத்தானே சோதிச்சனீங்கள்?"

"ஆமா சேர்."

"சாத்தி வச்சு ஒருக்காவாவது மீற்றர் பிடிச்சனீங்களோ?"

பிணைச்சல் பக்கத்தில், காருக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள்தான் வயர் அறுந்திருக்கும், கதவைத் திறந்தால் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், சாத்தினால் விலகிவிடும் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. நாள் முழுக்க ஒரு நோயாளியை நோய் இல்லாத நேரத்தில் மட்டும் பரிசோதித்திருக்கிறேன். தான் முன்பு பௌதிகவியல் படிப்பித்தவர் என்று அவர் சேர்த்துச் சொன்னது, பள்ளத்தாக்கில் குதித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றவைத்தது. (கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அது அவர் பக்கம்.)

பாடசாலை வாசலில் பாண்ட் வாத்தியம் முழங்கியது. பணிப்பாளர் ஈரச் சட்டையோடு இறங்கினார். இடது கை மரத்துப்போயிருந்ததால் வலது கையாலேயே மாலையை வாங்கினார். கண்காட்சியைத் திறக்க ரிப்பன் எங்கே என்று அதிபர் என்னைக் கேட்டார். முடிச்சும் கிரீஸும் கசங்கலுமாக அதைக் கொண்டுபோய்க் கட்டினேன். பணிப்பாளர் அதை அடையாளம் கண்டுகொண்டு, முடிச்சில்லாத இடம் பார்த்து வெட்டினார்.

விழா முடிந்ததும், பணிப்பாளர் திரும்பிப் போக வேறு வான் வண்டி ஒழுங்கு செய்திருப்பதாக அதிபர் சொன்னார். நான் விடவில்லை. "அரை மணித்தியாலம் இருங்க சேர். இத நானே பாத்து முடிக்கிறேன்" என்றேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மைதான ஓரத்தில் கதவின் முன் உட்கார்ந்தேன். முதலில் கைப்பிடிக் கேபிளைத் தளர்த்தினேன், பூட்டு பிடித்தது. பிறகு ரப்பர் குழாயை உருவினேன். நீல வயர் சுத்தமாக இரண்டாகி இருந்தது. தூறல் விழத் தொடங்கியது. பணிப்பாளர் குடை பிடித்தார், எனக்கில்லை, மீட்டருக்கு. வயரைச் சீவி முறுக்கி, டேப் சுற்றி, குழாயை மாட்டினேன். சாவியைத் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு பிஸ்கட் விளம்பரம் மைதானம் முழுக்கக் கேட்டது. அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. தரம் பதினொன்று கைதட்டியது. பணிப்பாளர் என் காரிலேயே திரும்பிப் போனார், பண்டாரவளை வரைக்கும் விளம்பரங்களோடு.

ஆய்வுகூடம் கிடைத்தது. அறிக்கையில் என்ன எழுதினார் என்று தெரியாது. மேசை வந்தது, தொட்டி வந்தது, குழாய் வந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை.

வீட்டில் மட்டும் அந்த விஷயம் முடியவே இல்லை. காரில் முன்னால் இடது பக்கம் உட்காருகிறவருக்கு எங்கள் குடும்பத்தில் 'பணிப்பாளர்' என்று பெயர். பிள்ளைகள் அந்தப் பதவிக்கு அடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் ரவியின் தம்பிக்குக் கல்யாணமாகி, புதுப்பெண் முதல்முறையாக எங்கள் காரில் ஏறினாள். ரவி முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொண்டு, "இன்னிக்கி நீங்கதாம்மா பணிப்பாளர், கைய எடுத்துறாதீங்க" என்றார். அந்தப் பிள்ளைக்குக் கதை தெரியாது. பதுளை போய்ச் சேரும் வரைக்கும் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். பின்னால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விட்டுவிடச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கதவைத் திருத்தியது நான் என்பதால், அவள் பிடித்துக்கொண்டே வருவது நல்லதுதான் என்று எனக்குப் பட்டது.