பெரியப்பாவின் நேரலையும் என் காலர் மைக்கும்

உறவினர் வீட்டு மரணத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய உதவிகள் எத்தனையோ உண்டு. பந்தல்காரருக்குச் சொல்லலாம், நாற்காலி இறக்கலாம், வந்தவர்களுக்குக் காபி கொடுக்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நான் நேரலை செய்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர் நான். கொரோனா காலத்தில் வகுப்பு கைபேசிக்குள் புகுந்தபோது, மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும், காலரில் மாட்டுகிற குட்டி மைக் ஒன்றும் வாங்கினேன். கம்பியில்லாத மைக். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், மூச்சு விட்டால்கூட எடுத்துவிடும். அதோடு ஒரு சேனலும் ஆரம்பித்தேன். மொத்தம் அறுபத்து மூன்று பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் நாற்பது பேர் சொந்தக்காரர்கள், மிச்சப் பேர் என்னிடம் செய்முறை மதிப்பெண் எதிர்பார்த்தவர்கள். (என் மனைவி இரண்டிலும் இல்லை. "வீட்டுல கேக்கது போதாதா?" என்று சொல்லிவிட்டாள்.) ஆனாலும் அன்றிலிருந்து குடும்பத்தில் எந்தக் கடவுச்சொல் மறந்தாலும், எந்த டிவியில் படம் சுற்றிக்கொண்டே நின்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பதவியின் போதை எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

ஞானராஜ் பெரியப்பா ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். முதல் வேலையாக ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். "எங்கிட்ட இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைபேசியை எடுத்தேன். அதில் பன்னிரண்டாயிரம் படங்கள் இருந்தன. என் காலைச் சாப்பாடு இருந்தது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது ஒரே பாலத்தை ஒரே இடத்தில் நின்று எடுத்த எழுபது படங்கள் இருந்தன. பெரியப்பா இல்லை. இருந்த இடத்திலும் யாருடைய தோளுக்குப் பின்னாலோ அரைமுகமாக இருந்தார், இல்லாவிட்டால் கண்ணை மூடியிருந்தார். எங்கள் அப்பா காலத்தில் ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுக்க நான்கே படங்கள்தான் இருக்கும். நான்கிலும் அவர் இருப்பார்.

கடைசியில் ஒரு கல்யாண வரவேற்பில் எடுத்த படம் கிடைத்தது. கையில் ஐஸ்கிரீம் கப்போடு வாயெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். ஐஸ்கிரீமை வெட்டிவிட்டோம். ஐஸ்கிரீமுக்கான முகபாவத்தை வெட்ட முடியவில்லை. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்ற எழுத்துக்கு மேலே, இன்னொரு கரண்டி வைப்பார்கள் என்ற நம்பிக்கையோடு பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குக் குவைத்திலிருந்து செல்வின் அண்ணன் கூப்பிட்டான். பெரியப்பாவுக்கு ஒரே மகன். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது, வர வழியில்லை.

"ஏலே, நீ என்னமோ லைவெல்லாம் போடுவியாமே."

"போடுவேன் அண்ணே. அத்தன பேருக்கும் தெரியுத மாதிரி போட்டுருதேன்."

"அத்தன பேரு எதுக்குலே. பெட்டி மூடுததுக்கு முன்னால அப்பா முகத்த ஒரு தடவ பைய, நிதானமா காட்டிரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவன் குரல் அங்கேயே அறுந்துவிட்டது. அவனுக்கும் பெரியப்பாவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. குவைத்திலேயே கூட வேலை பார்த்த பெண்ணை அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டதுதான் காரணம். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை என்கிற கல்யாண அறிவிப்பை வாசித்து, 'இதற்கு யாருக்காவது தடையுண்டா' என்று ஊரறியக் கேட்க வேண்டும். பெரியப்பா இருபது வருடம் சபைக் கமிட்டியில் இருந்தவர். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஓலை சரிபார்த்த மனிதர், தன் மகனுக்கு ஓலையே வாசிக்கவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவன் பெயரையே எடுக்கவில்லை.

ஆகையால் அந்த ஒரு முகம் செல்வின் அண்ணனுக்கு எத்தனை பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கெடுத்தேன்.

மூன்றரை மணிக்கு, பெட்டி வைத்திருந்த வீட்டுக் கூடத்தின் ஓரத்தில் ஸ்டாண்டை நிறுத்தினேன். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க மைக்கை என் காலரிலேயே மாட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிப் பார்த்தேன். ஆராதனை தொடங்கியதும் அதைக் கழற்றி ஐயரின் அங்கியில் மாட்டுவதாகத் திட்டம். (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அதற்குள் பந்தலில் ஏதோ இடிக்கிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வந்தபோது ஐயர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார்; அவசரமாக நேரலையை ஓடவிட்டு உட்கார்ந்தேன். வருடக்கணக்கில் தினமும் மாட்டிப் பழகிய மைக், சட்டையோடு சட்டையாகிவிட்டது. அப்படி ஒன்று இருப்பதே நினைவில்லை.

அதற்கு முன்னால் இன்னொரு புண்ணிய காரியமும் செய்திருந்தேன். பந்தலின் நடுவில் நின்று, "எல்லாரும் தயவுசெஞ்சு போன ஆஃப் பண்ணிருங்க, லைவ்ல சத்தம் கேக்கும்" என்று அறிவித்தேன். என் குரலில் இருந்த அதிகாரத்தைப் பார்த்து நூறு பேரும் அணைத்தார்கள். என் கைபேசியிலும் அழைப்பு வந்தால் தெரியாதபடி செய்து, திரையில் ஓடுகிற கருத்துகளையும் மறைத்துவைத்தேன். இப்படியாக, என்னைக் காப்பாற்றக்கூடிய எல்லா வழிகளையும் நானே என் கையால் அடைத்தேன்.

என் பக்கத்தில் தங்கராஜ் மாமா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் அடக்க ஆராதனையில் இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் பேசுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஜெபம் பண்ணுகிற மாதிரியே இருக்கும். இந்தக் கலையில் நாங்கள் இருவரும் தேர்ந்தவர்கள்.

"போட்டோல என்னவே இப்படிச் சிரிக்காரு?" என்றார் மாமா.

"கையில ஐஸ்கிரீம் இருந்துச்சு மாமா. வெட்டிட்டோம்."

"ஐயரு எங்கன நிக்காரு?"

"ஆதாம்லருந்து ஆரம்பிச்சாரு. இப்பந்தான் நோவா பேழைக்குப் பலக அறுக்காரு. பெரியப்பா உயிரோட இருந்தா இந்நேரம் வாட்ச்சத் தட்டிக் காட்டிருப்பாவ."

"கோயம்புத்தூர்க்காரி வந்த உடனே அழுதா, பாத்தீரா?" கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் அத்தையைச் சொன்னார்.

"காபி வந்த உடனே நிப்பாட்டிட்டா, அதயும் பாத்தேன்."

இதோடு நின்றிருக்கலாம். மாமா ஒரு பெருமூச்சு விட்டு, "மவன் வரல்லயே" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவும் கை கூசுகிறது.

"பாஸ்போர்ட்டு மாட்டிக்கிட்டுன்னு சொல்லுதான். யாரு கண்டா. வந்திருந்தாலும் அவன் அழவா போறான்?"

ஏன் சொன்னேன் என்று கேட்டால் காரணமே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஒத்து ஊதுகிற சின்னப் புத்தி, அவ்வளவுதான். காலையில் அவன் குரல் உடைந்ததைக் கேட்டவன் நான். நாலே முக்கால் மணிக்கு அவனையே விற்றுவிட்டேன்.

"முகம் பாக்குதவங்க வந்து பாத்துக்கோங்க" என்றார் ஐயர். நான் கைபேசியை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டு, நேரலைக்காரனுக்கு உரிய மிடுக்கோடு கூட்டத்தை விலக்கிப் போனேன். பெட்டியருகே குனிந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெஞ்சின் மேல் வேதாகமம். அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போனது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் பெரியப்பா என் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நிற்பார். அங்கும் இங்கும் பார்ப்பார். "ஏலே, அவன் எதும் போட்டுருக்கானா?" என்பார். செல்வின் அண்ணன் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகளின் படத்தை வைத்திருப்பான். நான் காட்டுவேன். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். போகும்போது, "அவன்ட்ட சொல்லப்படாது, கேட்டியா?" என்பார். நான் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பெட்டியருகே குனிந்தபோது அதெல்லாம் வாய்விட்டு வந்துவிட்டது.

"பெரியப்பா, ஞாயித்துக்கிழம இனி யாரு என் ஸ்கூட்டர்ட்ட வந்து நிப்பாவ... அவன் படத்தக் காட்டுலேன்னு கேப்பியளே. பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சுன்னு சிரிச்சியளே... உங்க அம்ம சாடைன்னு சொன்னியளே பெரியப்பா. சொல்லப்படாதுன்னு சொன்னிய, நான் சொல்லல்ல. அவன்ட்ட ஒரு வார்த்த நானே சொல்லிருக்கணும்... சொல்லல்ல பெரியப்பா."

அழுதேன். யாரோ தோளைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள். பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, பந்தலில் உட்கார்ந்து, நேரலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கக் கைபேசியைத் திறந்தேன். தவறிய அழைப்புகள் நாற்பத்தொன்று. மறைத்து வைத்த கருத்துகளை விரித்தேன். மதுரையிலிருந்து ஒருவர்: "மைக்கைக் கழட்டு." சென்னையிலிருந்து ஒருவர்: "தம்பி, நீ பேசறது எல்லாம் கேட்கிறது." பிறகு வரிசையாக, "மைக்", "மைக்", "ஏலே மைக்கு." கோயம்புத்தூர் அத்தையின் மகள் ஒன்றுமே எழுதாமல் ஒரு காபிக் கோப்பைப் படம் மட்டும் போட்டிருந்தாள்.

மெதுவாகக் காலரைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. பச்சை விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது.

படத்தை ஓடவிட்டேன். ஐயரின் பிரசங்கம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. நானும் மாமாவும் பேசியது மணி அடித்தாற்போலக் கேட்டது. பெட்டியருகே நான் குனிந்த இடம் வந்தது. அழுத அழுகையில் கை தழைந்து, கைபேசி மல்லாந்துவிட்டிருக்கிறது. நான்கு நிமிடம் முழுக்க, வீட்டுக் கூடத்தின் சீலிங் ஃபேன் சுற்றியது. பிறகு பெட்டி மூடுகிற சத்தம்.

முகத்தைக் காட்டவேயில்லை. அவன் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த நான்கு நிமிடத்துக்கு நேரே கருத்துகளைப் பார்த்தேன். "அவன யாராவது கூப்பிட்டுச் சொல்லுங்களேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே செல்வின் அண்ணன்: "யாரும் அவனக் கூப்பிடாதிய. பேசட்டும்."

அவனைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவனே கூப்பிட்டான். நான் என்னென்னவோ உளறினேன்: முகம், ஃபேன், மாமா, மன்னிச்சிரு.

"வந்தாலும் நான் அழமாட்டேன்னு சொன்னியே லே" என்றான்.

"அண்ணே..."

"நாலு மணி நேரமா அழுதுட்டு இருக்கேன். போதுமா?"

அவனே மறுபடியும் கேட்டான். "காட்டுனியா? ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும்."

"நீ காட்டுவேன்னுதான்லே சனிக்கிழம ராத்திரி சனிக்கிழம ராத்திரி போட்டேன். காட்டுனியான்னு கேக்கத்தான் தைரியம் வரல்ல. நீ இல்லன்னு சொல்லிட்டா என்ன செய்ய?" பிறகு, "படத்தப் பாக்கும்போது அப்பா முகம் எப்படி இருக்கும், சொல்லு" என்றான்.

சொன்னேன். கண்ணாடியை ஏற்றுவது, இரண்டு விரல், பல்லைப் பார்த்துச் சிரித்தது, எல்லாம் சொன்னேன். பன்னிரண்டாயிரம் படம் எடுத்தவனுக்கு அந்த முகத்தை ஒரு தடவையாவது எடுத்துவைக்கத் தோன்றவில்லை என்பதையும் சொன்னேன். அந்த வருத்தம் மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்தப் பதிவை அழிக்கச் சொல்லிக் குடும்பமே நின்றது. கோயம்புத்தூர் அத்தை கண்டிப்பாகவே நின்றார். செல்வின் அண்ணன் விடவில்லை, பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். அதன்பிறகு எங்கள் வீடுகளில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். "காலரப் பாத்தாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். நிச்சயதார்த்தம், காதுகுத்து, எதுவானாலும் வாசலிலேயே என் சட்டையை ஒருவர் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். தங்கராஜ் மாமா ஆராதனையில் எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்காருகிறார்.

போன மே மாதம் செல்வின் அண்ணன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் அழைத்துப்போனேன். பிள்ளை பூவை வைத்தாள். பிறகு தாயும் மகளும் கேட் பக்கம் போனார்கள். அண்ணன் மட்டும் கல்லின் முன்னால் குனிந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தி, நிமிர்ந்து, என்னிடம் வந்தான். என் காலரின் இரண்டு பக்கமும் நிதானமாக மடித்துப் பார்த்தான். சட்டைப் பையையும் தட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு திரும்பிப் போய், மறுபடியும் குனிந்து, தன் அப்பாவிடம் பேசத் தொடங்கினான்.