பத்தாதாரும் இரண்டு குடைக்கம்பிகளும்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால், அதையும் ஸ்பானரால் தட்டிப் பார்த்துவிட்டு "பத்தாது" என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் திண்டுக்கல்லில்தான் இருந்தார். வேடசந்தூர் ரோட்டில் என் இட்லிக் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில் லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரோட்டுக்கே அவர் பத்தாதார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இட்லியை நின்றபடிதான் தின்பார். பாதியில் பட்டறைக்கு ஓடி எதையாவது முறுக்கிவிட்டு, மீதி இட்லிக்குத் திரும்பி வருவார். சட்னியில் காரம் பத்தாது. தபால்காரர் மொபெட்டில் இழுவை பத்தாது. அதைச் சரிசெய்து கொடுத்த மறுநாள், தபால்காரர் எங்கள் தெருவில் நிறுத்த நினைத்து, மூன்றாவது தெருவில் போய் நின்றார்.

என் கிரைண்டர் மெதுவாகச் சுற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கப்பியை மாற்றிவிட்டார். வந்து சுவிட்சைப் போட்டேன். மாவு கூரைக்குப் போனது, காலண்டர் முருகனுக்குப் போனது, டீ குடித்துக்கொண்டிருந்த மில் பஸ் டிரைவரின் மீசைக்கும் போனது.

"ஏலே, ஒனக்கு அறிவு இருக்கா?" என்றார் டிரைவர்.

பத்தாதார் கூரையை அண்ணாந்து பார்த்தார். "வேகம் சரியாத்தான் இருக்கு. மூடிதான் பத்தல."

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த முதலாளி ஒருவர், பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இருக்கிற வேகத்தை இன்னும் ஏற்றித் தர வேண்டுமாம். பத்தாதாரிடம் வந்து அப்படிக் கேட்பது, பூனையைக் கூப்பிட்டுப் பால் சட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது மாதிரி.

மற்ற வண்டிகளில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இந்த இஞ்சினில் அந்தக் குதிப்பே கிடையாது. வயிறு புடைத்த சமோசா போல ஒரு முக்கோண இரும்பு, கூட்டுக்குள் உருண்டுகொண்டே இருக்கும். அப்படி இரண்டு. அவற்றுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் கனத்த இரும்புத் தட்டுகள். எல்லாவற்றையும் அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் ஒன்றாகக் கட்டியிருக்கும். போதாக்குறைக்கு டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான் அது. உட்காராத மனுஷனுக்கு ஏற்ற உட்காராத இஞ்சின்.

பத்தாதார் காற்றைக் கூட்டினார். முக்கோணத்தின் முனையில் இருக்கும் மெல்லிய பட்டை உடைந்தது. அதைவிடத் தடியாக ஒன்று செய்து போட்டார். மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை சூட்டை ஆற்றத் தட்டுகளுக்குள் ஓடுகிற தண்ணீர் இஞ்சினுக்குள் புகுந்து, வண்டி வெள்ளைப் புகையாய்க் கக்கி நின்றுபோய், லாரியில் ஏறி வந்தது.

"போல்ட்டு இறுக்கம் பத்தல" என்று ஸ்பானர் பிடியில் ஆளுயரக் குழாயைச் சொருகி முறுக்கினார். மறுநாளும் முறுக்கினார். ஒரு போல்ட்டு பட்டென்று அறுந்து என் கடைத் தகரத்தில் விழுந்தது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

முதலாளி தன்மையான ஆள்தான். அவருக்கும் பொறுமை போய்விட்டது. "யோவ், இன்னொரு தடவை பார்ப்பேன். அப்புறம் வண்டியைப் பெங்களூருக்கு ஏத்திருவேன்."

பத்தாதாருக்கு முகம் கறுத்துவிட்டது. என் கடை வாசலில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார். "இந்தத் தடவை நிக்கலேன்னா லேத்தைத் தொட மாட்டேன். ஊருக்குப் போயி மாடு மேய்க்கிறேன்."

"மாடு பாவம்லே" என்றார் டிரைவர். "நடை பத்தாதுன்னு அதையும் பிரிச்சுப் போட்டுருவ."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாலு நாள் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் போல, பட்டறைக்கும் என் கடைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அதைப் பார்த்து எனக்கும் கை ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை, இட்லிச் சட்டியைத் திறந்து அடுக்கைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அவர் எதிரே வந்து நின்றார்.

என் இட்லி அடுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு தண்டு. அதில் நாலு தட்டு. உச்சியில் ஒரு திருகு. ஒரு தட்டின் குழிக்கு நேரே இன்னொரு தட்டின் குழி வரக்கூடாது. வந்தால் இட்லி உப்பும்போது மேல்தட்டில் இடித்துச் சப்பிப்போகும். உச்சித் திருகை எவ்வளவு முறுக்கினாலும், தூக்கும்போது தட்டுகள் மெல்லத் திரும்பிவிடும். அதனால் பழைய குடையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்துத் தேய்த்துக் கழுவி, தட்டுகளின் ஓரத்து ஓட்டைகள் வழியே மேலிருந்து கீழாகச் சொருகி வைத்திருந்தேன்.

"யக்கா, இது என்ன கம்பி?"

ஆண்களிடம் எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. "திரும்பாம இருக்க" என்றேன்.

"மேல திருகு இருக்குல்ல? முறுக்குனாப் பத்தாதா?"

"அது அமுக்கத்தான் செய்யும். பக்கவாட்டுல திரும்புறத அது எப்பிடிப் புடிக்கும்?"

அவரிடம் நான் அதுவரை பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. அவர் குனிந்து அடுக்கை ஒரு தடவை பார்த்தார். அடுத்த நிமிஷம் ஆவி பறக்க அடுக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் ஓடிவிட்டார், பதினாறு இட்லியோடு.

"எலே, இட்லியக் குடுத்துட்டுப் போடா!" என்று டிரைவர் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

உள்ளே பத்தாதார் ஒரு கையில் அடுக்கைத் திருகிக் காட்டி, மறு கையால் டிரைவருக்கு இட்லி எடுத்துப் போட்டபடி கத்திக்கொண்டிருந்தார். "தட்டுத்தேன் திரும்புது! கட்டுத் தளரல, தட்டுத் திரும்புது! மயிரளவு திரும்புனாலும் தண்ணி உள்ள வந்துரும். கம்பெனிக்காரன் ரெண்டு பின்னு வச்சிருக்கான். சாதா ஓட்டத்துக்குச் சரி. நாம திணிக்கிற காத்துக்குப் பத்தாதுல்ல!"

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது அன்றைக்குத்தான்.

இஞ்சினை முழுசாகப் பிரித்தார். தட்டுகளையும் கூடுகளையும் சேர்த்து வைத்து, விளிம்பைச் சுற்றி நேர்கோட்டில் துளை போட்டு, உறுதியான எஃகில் தடித்த பின்களைக் கடைந்து இறக்கினார். மயிரளவு பிசகினால் அடுக்கு உட்காராது. ஒரு பின்னுக்கு ஒரு நாள் ஆனது. அத்தனை நாளும் என் அடுக்கு அவரிடம்; கம்பியில்லாத இரவல் அடுக்கில் என் கடையில் சப்பை இட்லிதான்.

கடைசியில் முதலாளி வந்தார். குஜிலியம்பாறைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பத்தாதார் என்னையும் ஏறச் சொன்னார்.

"நான் எதுக்கு?" என்றேன். கூச்சத்தில் உயிர் போனது.

"நீங்கதேன் இஞ்சினியரு. ஏறுங்கக்கா."

முன் சீட்டில் வைத்துப் பெல்ட்டால் கட்டிவிட்டு, பின்னால் சீட் இல்லாத இடத்தில் அவர் குத்துக்காலிட்டுக்கொண்டார். முதலாளி மிதித்தார். லட்சம் தேனீ ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். என் கொண்டை அவிழ்ந்தது. பனைமரங்கள் எல்லாம் ஒரே வேலியாகிவிட்டன. முருகனைக் கூப்பிட்டேன். அவர் அதற்குள் பின்னால் போய்விட்டிருப்பார். மூன்று தடவை போய் வந்தோம்.

நின்றதும் பத்தாதார் இறங்கி வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். தண்ணீரைப் பார்க்க ரொம்ப நேரம் காத்திருந்தார். புகை இல்லை. இஞ்சின் ஆறியதும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை.

அவர் மெல்லப் பின்னால் நகர்ந்து, ரோட்டோரச் செம்மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கொண்டுபோயிருந்த பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். நாலு இட்லியையும் எழுந்திருக்காமல் தின்றார்.

"என்னய்யா, இப்பவாச்சும் போதுமா?" என்றார் முதலாளி.

பத்தாதார் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நீளமான ரோட்டை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார்.

"இஞ்சின் போதும். ரோடு பத்தாது."

அந்த வருஷமே முதலாளி அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டார். பந்தய வண்டிகளுக்கென்று அங்கே பெரிய பட்டறை. போகிற அன்று என் இட்லி அடுக்கைத் திருப்பிக் கொடுத்தார். குடைக்கம்பிகள் இருந்த இடத்தில், பளபளவென்று மூன்று எஃகுப் பின்கள். இன்றுவரை ஒரு தட்டும் திரும்பியதில்லை; கழுவுவதற்குப் பிரிக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். குடைக்கம்பிகளைக் கேட்டேன். சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு, "அது எனக்கு வேணும்க்கா" என்று வேகமாகப் போய் லாரியில் ஏறிவிட்டார்.

பதினோரு வருஷம் பக்கத்துக் கொட்டகையில் இருந்தார். பத்தாது.