தப்பான வீட்டில் முழு மதிப்பெண்

ஒன்றுமே தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. மூன்று நாள் பயிற்சி முடித்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால், ஜொகூரில் இருக்கிற கூலாயில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்று நாள் பயிற்சி முடித்த சூட்டோடு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து அவர்களுடைய பிரிட்ஜைத் திறந்து பார்த்தவள் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. குழந்தைகள் நலனுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பில் களப்பணியாளராகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் பிள்ளை அடிபடுகிறது, பட்டினி கிடக்கிறது என்று யாராவது புகார் கொடுத்தால், அந்த வீட்டுக்குப் போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வருவது எங்கள் வேலை. அதற்குத்தான் அந்தப் பயிற்சி.

பயிற்சி கொடுத்தவர் நோராய்னி என்ற மலாய் அம்மையார், எங்களுக்குப் புவான் நோராய்னி. இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசாமல் வரக்கூடாது, அடுப்படியைப் பார்க்காமல் திரும்பக்கூடாது, போன வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, கைத்தொலைபேசியை அடைத்துவிட வேண்டும் என்று மூன்று நாளும் எங்கள் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். நான் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். (முகவரியைச் சரிபார் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் தேநீர் எடுக்கப் போயிருந்தேன்.)

கடைசி நாள் தேர்வு. கூலாயில் ஒரு குடியிருப்புத் தாமானில் வீடு ஒன்றை எடுத்து, தொண்டர்களைக் குடும்பம்போல நடிக்க வைத்திருந்தார்கள். அம்மாவின் பெயர் மேரி. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. தாத்தாவுக்குக் குடிப்பழக்கம். குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார். நான் போய் விசாரிக்க வேண்டும்.

என்னோடு செல்வநாயகம் சாரும் வந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று எங்கள் அமைப்பில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்து வம்சாவளி. சட்டையின் கடைசிப் பொத்தானிலும் ஒழுங்கு தெரியும். அவருக்கும் அன்று தேர்வுதான். நான் விசாரிப்பதை ஒரு மூலையில் உட்கார்ந்து கவனித்து மதிப்பெண் போட வேண்டும். பார்வையாளர் வாயே திறக்கக்கூடாது என்பது விதி. விதி என்று எழுதியிருந்தால் செல்வநாயகம் சார் மூச்சுவிடுவதையும் நிறுத்திவிடுவார்.

வயது முதிர்ந்தவளாகத் தெரிந்தால்தான் மக்கள் மதிப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மாவின் பருத்திப் புடவையைக் கட்டி, கொண்டை போட்டு, கையில் ஒரு கோப்போடு போயிருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது நாற்பது வயது தலைமையாசிரியை மாதிரி இருந்தது. எனக்கு மகா திருப்தி.

கையிலிருந்த தாளில் முகவரி 'ஜாலான் கெனாங்கா 2/3, பதினான்காம் எண்' என்று இருந்தது. நான் சாரைக் கூட்டிக்கொண்டுபோய் இறங்கியது ஜாலான் கெனாங்கா 3/2, பதினான்காம் எண்.

அந்த வீட்டிலும் அன்று விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார்கள். மகளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாருக்காக. அதிலும், மாப்பிள்ளையின் அக்கா ரொம்பக் கறார், ஏகப்பட்ட கேள்வி கேட்பார் என்று தரகர் முன்கூட்டியே வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அக்காவை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

கதவைத் தட்டினேன். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் திறந்தார். பின்னால் சுவரில் இயேசுநாதர் படம்.

"இது மேரி வீடுதானே?" என்றேன்.

"ஆமாங்க. வாங்க, வாங்க!"

(மேரி இல்லாத கத்தோலிக்க வீட்டை ஜொகூரில் எங்கே போய்த் தேடுவது? அந்த அறிவு அன்று இல்லை.)

"நான் வந்து..." என்று அறிமுகத்தை ஆரம்பித்தேன்.

"தெரியும்மா, தெரியும். போன்லயே சொல்லிட்டாங்க. மத்தவங்கல்லாம்?"

என்னோடு பயிற்சி எடுத்த மற்றவர்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பின்னாலயே வருவாங்க" என்று வேறு சொல்லிவைத்தேன்.

உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. வெள்ளைச் சட்டையில் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். மல்லிகைப்பூ வாசம். மேசையில் கேசரி, வடை. புகார் வந்த வீட்டில் ஏன் இந்த அலங்காரம் என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது. குற்றத்தை மறைக்கிற குடும்பங்கள் வெளித்தோற்றத்தில் அதிக கவனம் செலுத்தும் என்று கோப்பில் எழுதிக்கொண்டேன். செல்வநாயகம் சார் மூலை நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"மாமா டீ குடிக்கிறீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். சார் அசையவில்லை.

"அவர் பேச மாட்டாருங்க. கண்டுக்காதீங்க" என்றேன்.

அந்த அம்மாள் "ஐயோ பாவம்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் வேலையைத் தொடங்கினேன்.

"இந்த வீட்டுல யார் யார் இருக்கீங்க? யார் எந்த ரூம்ல படுக்குறீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க ரெண்டு பேரு, மேரி, பெரிய மகளோட பொண்ணு ஜெனி. பெரிய மக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டு வருது. கல்யாணத்துக்கப்புறம் மேரி வந்து தங்குறதுக்கும் ஒரு ரூம் இருக்குங்க" என்றார் வீட்டுக்காரர்.

கல்யாணமும் பெரிய மகளும் என் தாளில் இல்லை. நடிகர்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறார்கள் என்று நினைத்து ரசித்தேன்.

"ஐயா, நீங்க குடிப்பீங்களா?"

"கிறிஸ்மஸுக்கு மட்டும் லேசா..."

"லேசான்னா எவ்வளவு? அதைப்பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

அவருக்கு வியர்த்தது. "ஈஸ்டருக்கும்" என்றார் மெதுவாக.

"ஏங்க!" என்றார் மனைவி. அவருக்கே அது புதுச் செய்தி போலிருந்தது.

"கோபம் வந்தா அடிக்கிற பழக்கம் உண்டா?"

"யாரை?"

"நீங்கதான் சொல்லணும்."

"அலமாக்! இவரு கொசுவையே அடிக்க மாட்டாருங்க. நான்தான் அடிப்பேன்" என்றார் அந்த அம்மாள். (கொசுவைத்தான். நான் 'மனைவி அடிப்பதாக ஒப்புதல்' என்று எழுதினேன்.)

அப்புறம் சமையலறைக்குப் போனேன். பிரிட்ஜைத் திறந்தேன், அரிசி டின்னில் கைவிட்டுப் பார்த்தேன், மேல்தட்டில் எட்டிப் பார்த்தேன். என் பின்னாலேயே ஓடிவந்த அந்த அம்மாள் கடையில் வாங்கிய மிளகாய்ச் சம்பல் டப்பா ஒன்றை முந்தானையில் மறைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு எதையும் கேட்க, எதையும் திறக்க உரிமை உண்டு என்று நம் ஆட்கள் எவ்வளவு பொறுமையாக நம்புகிறார்கள் என்பதை நினைத்தால், எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வயிறும் எரிகிறது.

பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்றேன். ஆறு வயது ஜெனியை முன்வாசலில் உட்கார வைத்து, முழங்காலில் இருந்த காயத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏன்மா பேச மாட்டேங்கிற?"

"இன்னிக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னு தாத்தா சொல்லிட்டாரு."

என் உடம்பு சிலிர்த்தது. மூன்று நாள் பயிற்சியில் சொன்ன அத்தனை அபாய அறிகுறிகளும் ஒரே வாக்கியத்தில்! (பிறகுதான் தெரிந்தது. போன தடவை பெண் பார்க்க வந்தவரிடம் "உங்க தலையில ஏன் முடி இல்ல" என்று கேட்டிருக்கிறாள்.) காயம் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்தது என்று ஜாடையில் காட்டினாள். நான் நம்பவில்லை.

கடைசியாக மேரி. அவளையும் தனியாக அழைத்துக்கொண்டு அறைக்குள் போனேன். என் வயதுதான் இருக்கும். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை என்றாள். புவான் நோராய்னி சொல்லித் தந்த மெல்லிய குரலில் கேட்டேன்.

"மேரி, இந்த வீட்டுல உங்களுக்கு என்ன பயம்? மனசுல இருக்கறத சொல்லுங்க. நான் கேக்கத்தான் வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. என்ன நடிப்பு என்று வியந்தேன்.

"யாருமே என்னைய இப்படிக் கேக்கலைங்க. நீங்க வேலைய விடச் சொல்லிடுவீங்கன்னுதான் பயமா இருக்கு. படிச்சு, அலைஞ்சு வாங்குன வேலை. போன்ல நீங்க அப்படித்தான் சொன்னதா தரகர் சொன்னாரு."

நான் எங்கே போனில் சொன்னேன்? குழம்பினேன். ஆனால் குழம்பியதைக் காட்டக்கூடாது என்பதும் பயிற்சியில் உண்டு.

"யாரும் உங்கள வேலைய விடச் சொல்ல முடியாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியின் சூட்டில்தான் முதல் தடவையாக எனக்குள் ஏதோ இடறியது. நடிக்கிறவர்கள் இவ்வளவு இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள்.

கூடத்துக்கு வந்தோம். தட்டில் கேசரியை நீட்டினார்கள்.

"வேணாங்க. நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். "ஒரு வாயாவது சாப்பிடுங்கம்மா. ஏதும் தப்பிருந்தா மன்னிச்சிருங்க" என்றார். வீட்டுக்காரர், "ஈஸ்டருக்கும் விட்டுர்றேங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் நின்றது. தட்டும் பழமுமாக நாலைந்து பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெண்மணி, "வழி தெரியாம சுத்திட்டோம்லா, மன்னிச்சிருங்க. நான் பிலோமினா, மாப்பிள்ளைக்கு அக்கா" என்றார்.

எல்லாக் கண்களும் பிலோமினாவிடமிருந்து என்னிடம் வந்தன.

"அப்போ நீங்க யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

நான் கோப்பைத் திறந்து முகவரியைத் தேடினேன். அப்போது மூலையிலிருந்து ஒரு கம்பீரமான குரல் எழுந்தது.

"பவானி, நாங்கள் வீடு மாறி வந்திட்டம் போல கிடக்கு."

"ஐயா பேசுறாரு!" என்று அந்த அம்மாள் அலறியதில் ஜெனி கேசரித் தட்டைத் தட்டிவிட்டாள்.

கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று நான் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. வீட்டுக்காரர் என்னை முறைத்தார். பிலோமினா, "நல்ல குடும்பம்தானே இது? எதுக்கு ஆபீசர்லாம் வர்றாங்க?" என்று தரகரைத் தேடினார். என்னால் ஒரு பெண்ணின் கல்யாணமே கெடப்போகிறது என்று தோன்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேரிதான் பேசினாள். "அவங்க தப்பா வந்தாலும் கேக்க வேண்டியதத்தான் கேட்டாங்க" என்றாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, எல்லார் எதிரிலும், "நான் வேலைய விட மாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?" என்றாள்.

மாப்பிள்ளை ஜெரோம், செனாயில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "வேலைய விடணும்னு யாரு சொன்னா?" என்றார். பிலோமினா கைப்பையில் எதையோ தேடினார். "நீங்க வேலைக்குப் போங்க. எனக்கு லீவு இருக்குறப்ப நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார் ஜெரோம் மேரியிடம்.

அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலையில்லை. ஆனாலும் அந்த அம்மாள் விடவில்லை. "இப்பவாச்சும் சாப்பிடலாம்ல?" என்று வடையைக் கையில் திணித்தார். இரண்டு சாப்பிட்டேன். செல்வநாயகம் சார் நான்கு.

சரியான வீட்டில் எங்களுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். அம்மாவாக நடிக்க வேண்டியவர் சோபாவில் தூங்கிப்போயிருந்தார். அடைத்து வைத்த என் கைத்தொலைபேசிக்கு புவான் நோராய்னி பதினேழு தடவை அழைத்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, அவர் சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாசலிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, புவான்" என்றார் செல்வநாயகம் சார். "ஆனால் பார்வையாளர் பேசக்கூடாது என்று தாளில் எழுதியிருந்தது." அவர் கொடுத்த மதிப்பெண் தாளில் எனக்கு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். 'குடும்பத்தார் முழு ஒத்துழைப்பு கொடுத்தார்கள்' என்று அடிக்கோடு வேறு. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன், மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் புவான் நோராய்னி இருவரையும் தோல்வி என்று எழுதி, மறுவாரம் திரும்ப வரச்சொன்னார்.

மேரிக்கும் ஜெரோமுக்கும் கல்யாணம் நடந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது. தேவாலயத்தில் மேரியின் அப்பா என்னை எல்லாருக்கும் "இவங்கதான் எங்க மொத நாத்தனா" என்று அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் மொத நாத்தனா, நிஜமான பிலோமினா ரெண்டாவது நாத்தனா. குழந்தைக்கு ஞானஸ்நானம், வீடு குடிபோவது என்று எதற்குப் போனாலும் யாராவது பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாத்துக்குங்க மிஸ், எல்லாம் சுத்தமா இருக்கு" என்பார்கள்.

பிலோமினா மட்டும் ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன மாதம் அவரே அழைத்தார்.

"மிஸ், என் கடைசித் தம்பிக்கு செடெனாக்ல பொண்ணு பாத்திருக்கோம். நான் ஏதாவது கேட்டா சண்டையாயிடும். நீங்க ஒரு நாள் அந்த வீட்டுக்குத் தப்பா போயிட்டு வந்துடுங்களேன்."